பாப்போம் என்ற பிள்ளை

நைரோபிக்கு மேற்கே தேயிலை மலையில் இருக்கிற எங்கள் கப்சோரோக் மேட்டில் ஒருவனைத் திட்ட அவன் அப்பன் ஆத்தாளை இழுக்க வேண்டியதில்லை. அவன் எந்தச் செட்டு என்று சொன்னால் போதும். ஒரே காலத்தில் சுன்னத்து முடிந்து காட்டுக் குடிசையிலிருந்து திரும்பிய பையன்கள் சாகும்வரை ஒரு செட்டு. ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பேர் உண்டு, அந்தப் பேரோடு ஒரு கெட்ட பேரும் உண்டு. சூமா செட்டு பேசியே ஆளைக் கொல்லும். என்னுடைய கொரொங்கொரோ செட்டு சாப்பாடு பரிமாறுகிற நேரம் பார்த்துத்தான் விசாரிக்க வரும். எங்களுக்குப் பின்னால் வந்த கிப்கொயிமெத் செட்டு தூங்குவதற்கென்றே பிறந்தது. இதையெல்லாம் யார் எப்போது பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்கக் கூடாது. எனக்குத் தெரிந்து அதிகாலையில் எழுந்து மாடு கறக்கிற கிப்கொயிமெத் பையன்கள் எத்தனையோ பேர். அவர்களையும் சேர்த்துத்தான் சொல்லுவோம்.

ஜோயல் அரப் தெரெர், அதாவது தெரெரின் மகன் ஜோயல், சூமா செட்டு. தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மொழி வானொலியில் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் அவர் எழுதி வாசிக்கிற பேச்சு வரும். புதன்கிழமை கெரிச்சோவுக்கு வேனில் போய் வாசித்துப் பதிவு செய்துவிட்டு வருவார். அதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் கொழுந்து பறித்துக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். தேயிலைச் செடிக்கு நடுவே ஒரு பழைய தொப்பி ஆடுவதும், இடையிடையே ஒரு கை மேலே போவதும் ரோட்டிலிருந்தே தெரியும். அவர் மனைவி தபுத்தானி அடுத்த வரிசையில் பறித்துக்கொண்டிருப்பாள். அவள் கூடை நிறைந்திருக்கும்போது அவருடையதில் பாதிதான் இருக்கும்.

நான் கொழுந்து நிறுக்கிறவன். கிபோஸ் என்றால் இந்த மேட்டில் குழந்தைக்கும் தெரியும். தராசுக் கொக்கியில் சாக்கை மாட்டுவதும், முத்தின இலையைப் பொறுக்கி எறியச் சொல்வதும், திட்டு வாங்குவதும் என் வேலை. எங்கள் கொட்டகைக்கு வராத வீடு கிடையாது, ஆகவே எனக்குத் தெரியாத வீட்டுக் கதையும் கிடையாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியாருக்கு ஒரு பித்து இருந்தது. ஓய்வு பெற்ற வருஷம் நகூரு பட்டணத்தில் ஏதோ பயிற்சிக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். அங்கே கழுத்துப் பட்டை கட்டிய ஒருவன், மனுஷனுக்கு லட்சியம் வேண்டும், அந்த லட்சியத்தை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் நடக்கும் என்று இரண்டு நாள் பேசியிருக்கிறான். வாத்தியார் அதைச் சுவிசேஷம் போலப் பிடித்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் கொடுத்த வெள்ளைப் பனியனைத்தான் ரொம்ப நாள் கொழுந்து பறிக்கப் போட்டுக்கொண்டு வந்தார். சாயம் ஏறி அது பழுப்பான பிறகும் விடவில்லை.

அதிலிருந்து வருஷப் பிறப்பு அன்று அவர் வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடும். களியும் ஆட்டுக்கறியும் மணத்தக்காளிக் கீரையும் இருக்கும். சாப்பிட்ட பிறகு வீட்டு ஆள் ஒவ்வொருவரும் எழுந்து நின்று இந்த வருஷம் என் லட்சியம் இன்னது என்று சொல்ல வேண்டும். சொன்னவர் பேருக்கு ஒரு சுரைக்குடுவையில் பால் ஊற்றி, சமையல்கட்டு உத்தரத்தில் தொங்கவிடுவார். ஆவாரை மாதிரி மஞ்சளாகப் பூக்கிற எங்கள் ஊர்ச் செடியின் குச்சியைச் சுட்டு, அந்தக் கரியைக் குடுவைக்குள் பூசிப் பால் ஊற்றி வைத்தால் அது புளித்து, சாம்பல் நிறத்தில் கெட்டியாகி, மாதக்கணக்கில் இருக்கும். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து வருபவனுக்கும், படித்துப் பட்டம் வாங்கி வருபவளுக்கும் ஊர் எல்லையிலேயே அதைக் குடிக்கக் கொடுப்பது எங்கள் வழக்கம்தான். ஆனால் ஜெயிப்பதற்கு முன்னாலேயே பேர் வைத்துத் தொங்கவிடுவது வாத்தியார் சேர்த்துக்கொண்டது. குடுவை கழுவுவதும் கரி பூசுவதும் பெண்கள் வேலை என்பதால் அவர் லட்சியமும் பித்தும் எல்லாம் கடைசியில் தபுத்தானியின் தலையில்தான் விடிந்தது.

மகள் செரோனோ நர்ஸ் ஆவேன் என்று எழுந்து சொன்னாள், ஆனாள், வந்து குடித்தாள். மூன்று வாரம் வானொலியில் அதே பேச்சுத்தான். மகன் கிப்ருதோ விஷயம் வேறு. கல்லூரியில் ஏதோ படித்துவிட்டு வந்து வேலை இல்லாமல் இருந்தான். அவனை எழுப்பி நிறுத்தி உன் லட்சியம் என்னடா என்றால் தலையைச் சொறிந்துகொண்டு, "பாப்போம்" என்பான். அடுத்த வருஷமும் பாப்போம். கூட்டம் சிரிக்கும். வாத்தியார் முகம் சிறுத்துப் போகும். இருந்தாலும் அவன் பேருக்கும் ஒரு குடுவை தொங்கியது. இன்ன லட்சியம் என்று இல்லாமல் சும்மா தொங்கியது.

கிப்ருதோ கெட்ட பிள்ளை இல்லை. சாயங்காலம் அம்மாவின் சாக்கை அவன்தான் தூக்கி வருவான். ஆனால் பகலில் தூங்குவான், அதுதான் அவன்மேல் ஊருக்கு இருந்த குறை. முற்றத்தின் கீழ்க்கோடியில் அவனுக்கென்று இருந்த தகரக் குடிசை வெயிலேறிச் சுடுகிற வரை கதவு திறக்காது. ராத்திரி முழுக்கப் போனை நோண்டுகிறான், பகலெல்லாம் படுக்கிறான், கிப்கொயிமெத் செட்டுப் புத்தி வேறென்ன என்று நாங்கள் எல்லோருமே சொன்னோம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஆலங்கட்டி மழை. கொழுந்தைக் குத்திக் கிழித்துவிட்டுப் போயிருந்தது. மிச்சம் மீதியைப் பறித்துக்கொண்டு ஜனம் கொட்டகையில் ஒண்டியிருந்தது. கொழுந்து ஏற்ற வருகிற லாரி சேற்றில் எங்கேயோ மாட்டியிருந்தது. சாக்கில் அமுக்கி வைத்த கொழுந்து சூடேறிச் சிவந்துவிடுமே என்று ஆளாளுக்குத் தரையில் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். உத்தரத்தில் மாட்டியிருந்த ரேடியோவில் வாத்தியார் பேசத் தொடங்கினார்.

எங்கள் தலைமுறை சுமந்தது, அடுத்தது நடந்தது, இப்போதுள்ளது படுத்திருக்கிறது என்று ஆரம்பித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வாத்தியாரின் குரலில் எதுவும் நன்றாக இருக்கும். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரிந்த ஒரு பையன் இருக்கிறான். தகரம் சுட்டால்தான் அவனுக்குப் பொழுது விடியும். உன் லட்சியம் என்ன என்று கேட்டால், பாப்போம் என்கிறான். பாப்போம் என்பவன் எதைப் பார்ப்பான்? முன்னோர் வழியை மறந்த பிள்ளைக்குப் பார்க்கக் கண் ஏது?"

கொட்டகையில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். யாரோ, "தகரம் சுட்டுச்சா தம்பி?" என்றார்கள். அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். கிப்ருதோ சாக்கோடு தராசுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாக்கைக் கொக்கியில் மாட்டினான். நான் எடையைச் சொன்னேன். முள் நின்றதா என்று அவனும் பார்த்துக்கொண்டு, சரிண்ணே என்று சொல்லி, கொழுந்தைத் தரையில் கொட்டி அம்மா செய்கிற மாதிரியே ஆறப் பரப்பிவிட்டு, மழையில் இறங்கிப் போனான். கொட்டகையில் ஒண்டியிருந்த தபுத்தானி அவன் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை அவன் ஊரில் இல்லை என்று தெரிந்தது. ரோஷம் வந்துவிட்டது, நல்லதுதான், எங்கேயாவது வேலை தேடிக்கொள்வான் என்று வாத்தியார் என்னிடம் சொன்னார். பேச்சு வேலை செய்துவிட்டது என்கிற பெருமைகூடக் கொஞ்சம் இருந்தது அவருக்கு.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்து, வாத்தியார் வீட்டு முற்றத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் செட்டின் வழக்கப்படிதான், மறைக்கவில்லை. அப்போது சிமியோன் அரப் சோய் வந்தார். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தேயிலை ஆலையில் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர். அவரும் சூமா செட்டுத்தான், ஆனால் பேசத் தெரியாதவர். உட்காரச் சொன்னதற்கு உட்காராமல் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பையன் இருக்கானா?" என்றார்.

"எந்தப் பையன்?"

"கிப்ருதோ. பாய்லர் இன்ஸ்பெக்டர் நைரோபியிலேர்ந்து வந்துட்டுப் போயிட்டாரு. இவன் பேரையும் குடுத்திருந்தேன். அன்னைக்கு வரவே இல்லை. உடம்பு ஏதும் சரியில்லையோன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வாத்தியாருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. சிமியோன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்டுவிட்டு, சொல்லலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பிறகு மெள்ளச் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேலாகவே கிப்ருதோ ராத்திரி ஷிப்டில் அவரோடு பாய்லர் வேலை பழகிக்கொண்டிருந்தானாம். இருட்டினதும் குறுக்குப் பாதையில் மலை ஏறி வருவான், விடிந்த பிறகு திரும்புவான். முதலில் விறகு தள்ளினான். பிறகு நீராவி அழுத்தம் பார்க்க, தண்ணீர் மட்டம் பார்க்க, எப்போது திறந்துவிட வேண்டும், எப்போது கை வைக்கவே கூடாது என்று எல்லாம் கற்றுக்கொண்டான். லைசென்ஸ் வாங்கிவிட்டால் சிமியோன் விலகும்போது அந்த இடம் இவனுக்குத்தான் என்று மேலதிகாரியிடமும் பேசி வைத்திருந்தது.

"நல்ல கை. பயமும் இருக்கு, நிதானமும் இருக்கு. அந்த வேலைக்கு ரெண்டும் வேணும்" என்றார் சிமியோன்.

"அப்புறம் ஏன் வரலை?" என்று நான்தான் கேட்டேன்.

சிமியோன் வாத்தியாரைப் பார்க்காமல் தொப்பியைப் பார்த்துச் சொன்னார். "அங்கேயும் ரேடியோ இருக்கில்ல. விறகு தள்ளுற பசங்க சும்மா இருப்பானுங்களா. தகரம் சுட்டுச்சா, தகரம் சுட்டுச்சான்னு. ராத்திரி பூரா. இவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை. காலையில ஷிப்டு முடிஞ்சதும் மேல்சட்டையை மடிச்சு என் பெட்டி மேல வெச்சுட்டுப் போயிட்டான். லைசென்ஸ் சோதனைக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. இனிமே இன்ஸ்பெக்டர் எப்ப வருவாரோ. அது வரைக்கும் அந்த இடத்தை யாரு காலியா வெச்சிருப்பா."

அவர் டீ குடிக்காமலே போய்விட்டார். வாத்தியார் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். தபுத்தானி வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து. சோத்தைக் கட்டிக் குடுத்தது யாருன்னு நெனச்சீங்க?"

"எங்கிட்ட ஏன் சொல்லலை? என் புள்ளை ஒரு வேலையில கண்ணா இருக்கான்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

தபுத்தானி கீரைத்தட்டைக் கீழே வைத்தாள். "சொல்லியிருந்தா அது அந்தச் சனிக்கிழமையே ரேடியோல வந்திருக்கும்" என்றாள்.

வாத்தியார் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். எழுந்து போய்விடலாம் என்று நான் டீக் குவளையைக் கீழே வைத்தேன்.

அவள் சத்தம் போடவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "முன்னோர் வழின்னு பேசினீங்களே. உங்க அப்பாகிட்ட எத்தனை மாடு இருக்குன்னு கவர்மெண்டு ஆளு கேட்டப்போ என்ன சொன்னாரு? போயிப் புல்லைக் கேளுன்னாரு. நிக்கிற மாட்டையே எண்ணிச் சொல்லாத வம்சம் இது. வயித்துல இருக்கற கன்னுக்குப் பேரு வைக்கக் கூடாது, அது எந்திரிச்சு நிக்கட்டும்னு நீங்கதானே எங்கிட்டச் சொன்னீங்க, செரோனோவை நான் சொமந்துக்கிட்டிருந்தப்போ? அவன் அதைத்தான் பண்ணினான். பழைய வழியில நின்னது அவன். அதை மறந்துட்டு வந்தது நீங்க. நகூருல யாரோ ஒரு கழுத்துப் பட்டைக்காரன் பேச்சைக் கேட்டுட்டு வந்து, முத்தத்துல நிக்க வெச்சுக் கேட்டீங்க. அவன் என்ன சொல்லுவான்? பாப்போம்னுதான் சொல்லுவான்."

நாங்கள் யாரும் மந்தையை எண்ணிச் சொல்ல மாட்டோம், பிள்ளைகளை எண்ணிச் சொல்ல மாட்டோம், ஆகாத காரியத்தை ஆகிவிட்டதுபோல் பேச மாட்டோம். பேசினால் அது நிலைக்காது. சின்ன வயதிலிருந்து தெரிந்ததுதான். தெரிந்தே அந்த முற்றத்தில் உட்கார்ந்து கறி தின்றுவிட்டுச் சிரித்திருக்கிறோம்.

அந்த வாரம் வாத்தியார் கொழுந்து பறிக்க வரவில்லை. செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். தான் செய்தது தவறு, ஒரு செட்டையே படுத்திருக்கிறது என்று சொன்னது தவறு, அந்தப் பையன் ராத்திரியெல்லாம் நெருப்புக்கு முன்னால் நின்றவன் என்றெல்லாம் எழுதியிருந்தார். அவர் எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்படி இருக்கிறது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து தபுத்தானி வந்தாள்.

"இதையும் ஊருக்குச் சொல்லப் போறீங்களா?"

"மன்னிப்புத்தானே கேக்குறேன்."

"அவன் யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்ததை மறுபடியும் எல்லார்கிட்டயும் சொல்லி மன்னிப்புக் கேப்பீங்களா? சொல்லலாம்னு அவன் சொன்னானா?"

வாத்தியார் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் கெரிச்சோ வேன் அவர் இல்லாமலே போனது. சனிக்கிழமை அந்த நேரத்தில் பாட்டுப் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் பாட்டுத்தான். பிறகு யாரோ ஒரு சின்னப் பையன் பயிருக்கு உரம் வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தான், நன்றாகவே பேசினான்.

கிப்ருதோ நைவாஷாவில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் இருக்கிறான், குளிர்ப் பெட்டி அறையில் பூக்கட்டு அடுக்குகிறான் என்று செரோனோ மூலமாகத் தெரிந்தது. நெருப்பிலிருந்து பனிக்கட்டிக்குப் போயிருந்தான். அப்பா போன் செய்தால் எடுப்பான், மாடு எப்படி இருக்கிறது, மழை எப்படி என்று மரியாதையாகக் கேட்பான், வைத்துவிடுவான்.

நவம்பரில் வாத்தியார் கிளம்பினார். உத்தரத்திலிருந்து மகனுடைய குடுவையை இறக்கி, துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வேனில் போனார். தபுத்தானி தடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்து நேராகக் கொட்டகைக்குத்தான் வந்தார். ஜனம் கலைந்து, நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். குடுவை அப்படியே மடியில் இருந்தது.

தோட்டத்து வாசலில் காத்திருந்தாராம். ஷிப்டு முடிந்து வந்த பையன் அவரைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டானாம். கடைக்குக் கூட்டிப்போய் சப்பாத்தியும் பீன்ஸும் வாங்கிக் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை எதிரே உட்கார்ந்திருந்தானாம். விரல் நுனியெல்லாம் குளிரில் வெளுத்து வெடித்திருந்ததாம். அவர் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொன்னதற்கு, அதை விடுங்கப்பா என்றானாம்.

"குடுவையை நீட்டினேன் கிபோஸ். வாங்கலை" என்றார்.

"என்ன சொன்னான்?"

"இது ஜெயிச்சவனுக்குக் குடுக்கறது, நான் இன்னும் ஒண்ணும் பண்ணலையேப்பா, எடுத்துட்டுப் போங்கன்னான். குத்திக் காட்டலைடா. நெசமாவே சொன்னான். நான் சொல்லிக் குடுத்ததைத்தான் எனக்குத் திருப்பிச் சொன்னான். சரி, வீட்டுக்கு எப்ப வருவேன்னு கேட்டேன்."

நான் துடைப்பத்தை வைத்துவிட்டு நின்றேன். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாத்தியாரும் அதை வாயால் சொல்லவில்லை.

எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, அன்றைக்கு அது போய்விட்டது. கெட்ட மனுஷன் இல்லை. மகன்மேல் உயிர்தான். ஆனால் அவர் மகனைப் பார்த்த நேரமெல்லாம் ஒரு செட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சனிக்கிழமைப் பேச்சைப் பார்த்தார். கீழ்க்கோடிக் குடிசைக் கதவை ஒரு ராத்திரி தட்டியிருந்தால் அது காலியாக இருப்பது தெரிந்திருக்கும். நடந்தால் நூறடி இருக்காது.

வருஷப் பிறப்பு வந்தது. இந்தத் தடவை இருக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் வருகிறவர்களை வராதே என்று சொல்ல முடியுமா. களியும் கறியும் ஆக்கியிருந்தார்கள். செரோனோ புருஷனோடு வந்திருந்தாள். சாப்பிடும்போதெல்லாம் வாத்தியார் ரோட்டைப் பார்க்கிற பக்கமாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வேன் சத்தத்துக்கும் அவர் கழுத்து திரும்புவதையும், வேன் நிற்காமல் போனதும் மறுபடி தட்டைப் பார்ப்பதையும் என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சாப்பிட்டு முடிந்தது. யாரும் எழுந்து நிற்கவில்லை, யாரையும் எழுப்பவும் இல்லை. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். அப்போது வாத்தியாருடைய செட்டுக்காரர் ஒருவர், வெளியூரிலிருந்து வந்தவர், விஷயம் தெரியாதவர், பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார்.

"என்னடா தெரெர், எல்லாரையும் நிக்க வெச்சுக் கேப்பே. இந்த வருஷம் உன் லட்சியம் என்ன, அதைச் சொல்லு மொதல்ல."

டீக் கெண்டியோடு வந்த தபுத்தானி வாசற்படியிலேயே நின்றாள். வாத்தியார் கையைத் தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்தார். அந்த விரல்களை நான் அப்போதுதான் கவனித்தேன். நகக்கண்ணெல்லாம் கரி. குடுவை கழுவிக் கரி பூசுகிற பெண்களின் விரலில் இருக்குமே, அதே கரி. பழைய பாலைக் கொட்டிவிட்டு, மகன் பேருக்குப் புதுப் பால் ஊற்றி, அன்று காலையில் அவரே தொங்கவிட்டிருந்தார்.

"பாப்போம்" என்றார்.

வெளியூர்க்காரர் மட்டும் சிரித்தார். தபுத்தானி வந்து எல்லோருக்கும் டீ ஊற்றினாள், முதல் குவளையைப் புருஷனுக்குக் கொடுத்தாள்.